பஞ்சுமலை விழுந்துகொண்டே இருக்கிறான்

பஞ்சுமலை அடுக்குமாடிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்து மூன்று இதழ்கள் வந்து போய்விட்டன. இன்னும் அவன் தரையில் கால் வைக்கவில்லை.

நினைத்தால் பஞ்சாக மிதப்பான், நினைத்தால் மலையாகக் கனப்பான். அதனால்தான் அந்தப் பெயர். மிதக்கத் தெரிந்தவன் மெதுவாகத்தானே விழுவான் என்று முதல் மாதம் வாசகர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதம் முணுமுணுத்தார்கள். அதற்கடுத்த மாதம், காமிக்ஸ் புத்தகங்களைக் கிழித்துத் தொங்கவிட்டே பெயர் வாங்கிய ஒருவன் வீடியோ போட்டான். இதழைக் கேமரா முன்னால் விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு, "இவன் கீழ வந்து சேர்றதுக்குள்ள வில்லனுக்குப் பேரனே பொறந்துடுவான்" என்றான். விழுகிறவன் ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறான் என்றான். சரி, கதைதான் நகரவில்லை, படத்தையாவது பார்க்கலாம் என்றால் கட்டம் முழுக்கப் பேச்சு பலூன். தெரிகிற கொஞ்சநஞ்சப் படமும் லட்சணமாக இல்லை. ஒரு கட்டத்தில் ஹீரோவின் முழங்கை கால் முட்டிக்குக் கீழே தொங்குகிறது என்று அந்த இடத்தைப் பெரிதாக்கியும் காட்டினான்.

பதிப்பகத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். கதை மெதுவாகப் போகிறது, படம் சரியில்லை என்று அவன் சொன்ன இரண்டும் தனித்தனிக் குறைகள் அல்ல, ஒரே குறைதான் என்பது அங்கே ஒருவனுக்கு மட்டுமே தெரியும். அவன் பலூன்காரன்.

அலுவலகத்தில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். படம் வரைந்து, வண்ணம் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு பக்கங்கள் கடைசியாக அவன் கணினிக்கு வரும். கதைக்காரர் எழுதித் தந்த வசனங்களை வெள்ளைப் பலூன்களுக்குள் அடைத்து, யார் வாயிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வாலை இழுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புவது அவன் வேலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். பலூன் காலி இடத்தில் உட்கார வேண்டும். வானம், சுவர், தரை என்று ஓவியர் சும்மா விட்ட இடத்தில். முகத்தின் மேல், கையின் மேல் உட்காரவே கூடாது.

ஓராண்டாக அவன் கைகளின் மேல்தான் பலூன்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

பஞ்சுமலையை வரைபவர் அவனுடைய அண்ணன். வரைபவர் மட்டுமல்ல, அந்த முகத்தை உண்டாக்கியவரே அவர்தான். அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் பார்க்கிற பொருளே கரைந்துவிடும், சுற்றியிருப்பது மட்டும் தெரியும். கண்ணாடியின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்துத் தேய்த்த மாதிரி இருக்கிறது என்று அண்ணன் டாக்டரிடம் சொன்னார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியில், இது ஆபீசுக்குத் தெரிய வேண்டாம் என்றார் அண்ணன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலையை விடவில்லை. திரையில் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் ஒரு உள்ளங்கை மட்டுமே திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் அளவுக்குப் பெரிதாக்கி, ஓரப் பார்வையால் பார்த்துப் பார்த்து அதை வரைந்தார். நகம், ரேகை, புடைத்த நரம்பு ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது. பிறகு திரையைத் தள்ளித் தோளுக்குப் போவார். அதுவும் அப்படித்தான். அப்புறம் தாடை, அப்புறம் கால். ஒவ்வொன்றும் பிரமாதமாக இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே ஆளாக நிற்கும்போதுதான், பல பேரிடம் இரவல் வாங்கிப் பூட்டிய மாதிரி தெரியும். அப்படி முழுசாக நிற்பதைப் பார்க்கும் கண்தான் அண்ணனுக்கு இல்லை.

முதல் முறை அப்படி ஒரு பக்கம் முடித்தபோது, "எப்படிடா வந்திருக்கு?" என்று கேட்டார். பலூன்காரன் அப்போது எதையோ தின்றுகொண்டிருந்தான். "நல்லா இருக்குண்ணா" என்றான். சரியாகப் பார்ப்பதற்குள் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. பார்த்த பிறகு திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வானத்தில் இருக்க வேண்டிய பலூனைக் கொஞ்சம் கீழே இழுத்து முழங்கைமேல் வைத்தான். கச்சிதமாக மறைந்தது. ஆணி அடித்த ஓட்டையில் காலண்டரை மாட்டிய திருப்தி இருந்தது.

அடுத்த இதழில் மறைக்க வேண்டிய இடங்கள் கூடின. மறைக்கப் பலூன் போதவில்லை. வசனமில்லாமல் வெற்றுப் பலூன் வைக்க முடியாது. அவன் கதைக்காரரிடம் போய், இந்தக் கட்டத்துக்கு இன்னும் இரண்டு வரி கிடைக்குமா என்று கேட்டான்.

கதைக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவர் எழுதுவதை ஆயுள் முழுக்க எல்லோரும் வெட்டித்தான் பழக்கம். கூடுதலாகக் கேட்டு வந்தவன் இவன் ஒருவன்தான். "இந்த ஆபீஸ்ல ரசனை உள்ளவன் நீ ஒருத்தன்தான்யா" என்று தோளைத் தட்டினார். இரண்டு வரி கேட்டால் இருபது வரி வந்தது. அவ்வளவு பேச்சு ஒரு கட்டத்தில் கொள்ளாது, அதனால் ஒரு கட்டம் இரண்டானது. கட்டம் கூடியதால் அந்தப் பக்கத்தில் நடக்க வேண்டியது அடுத்த பக்கத்துக்குப் போனது, அடுத்த பக்கத்துச் சண்டை அடுத்த மாதத்துக்குப் போனது. புதிதாக வந்த கட்டங்களுக்கும் அண்ணன் படம் வரைந்தார். அவற்றையும் மறைக்க வேண்டியிருந்தது. இப்படித்தான் பஞ்சுமலை அந்தரத்தில் மாட்டிக்கொண்டான்.

பாசத்தால் செய்தான் என்று யாராவது சொன்னால் பலூன்காரனே சிரித்துவிடுவான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கிடங்கில் இராப்பொழுதெல்லாம் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவனை, இவன் எழுத்து நன்றாக இருக்கும் என்று கூட்டிக்கொண்டு போய் இந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் அண்ணன். அந்த நன்றி இருந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம். உண்மை தெரிந்தவன் ஒருவன் என்றால் சொல்ல வேண்டியவனும் அவன்தானே. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான்.

வேடிக்கை என்னவென்றால் அண்ணனுக்குப் பலூன்களைக் கண்டாலே ஆகாது. இதழ் வந்ததும் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தேடுவார். அவர் போட்ட கை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரியும். "போஸ்டர் ஒட்டுறவனாடா நீ? நான் ராவும் பகலும் கண்ணக் கெடுத்துகிட்டு வரையறேன், நீ மேல கொண்டுவந்து அப்புற" என்பார். கதைக்காரர் நிறைய எழுதித் தள்ளுகிறார், நான் என்ன பண்ணட்டும் என்று பழியை அந்தப் பக்கம் தள்ளிவிடுவான். அண்ணி அடுப்படியிலிருந்து அவனையே பார்ப்பாள். அவள் கணவன் கைக்கு இடப்புறம், மேசையின் அதே மூலையில், எப்போதும் ஒரே இடத்தில் டீயை வைத்துப் பழகியவள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவன் கேட்டதில்லை.

வீடியோ வந்த வாரத்தில் இதழின் ஆசிரியை அண்ணன், கதைக்காரர், பலூன்காரன் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். சின்ன வயசு, சுத்தி வளைக்கத் தெரியாதவள். விற்பனை சரிகிறது, இன்னும் இரண்டு மூன்று இதழில் நிமிரவில்லையென்றால் தொடரையே நிறுத்தச் சொல்லி மேலிடம் கழுத்தை நெரிக்கிறது என்றாள். கோளாறு எங்கே என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்றும் சொன்னாள்.

"பேச்சு" என்றாள் அவள். "எல்லாம் இந்தப் பேச்சாலதான். அடுத்த இதழ்ல ஒரு பலூன் கூட வேண்டாம். அவன் கீழ விழணும், அடிக்கணும், முடிக்கணும். வாயே திறக்கக் கூடாது."

'தடால்', 'டமால்' மட்டுமாவது இருக்கட்டுமா என்று பலூன்காரன் கேட்டான். அதுவும் கூடாது, எழுத்தே இல்லாத இதழ் என்று அட்டையில் போட்டு விற்கப் போகிறோம் என்றாள்.

கதைக்காரர் முகம் சுருங்கிப்போனது. அண்ணன் முகத்தைப் பார்க்கத்தான் பலூன்காரனால் முடியவில்லை. பல மாதங்களாகக் காணாத வெளிச்சம் அதில் இருந்தது. "மேடம், இத நீங்க போன வருஷமே சொல்லியிருக்கணும்" என்றார் அண்ணன். அவள் இருக்கிற திசையைக் கொஞ்சம் தவறவிட்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். உணர்ச்சிவசப்பட்டுத் திரும்பிக்கொண்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மற்ற இருவரும் போன பிறகும் பலூன்காரன் நின்றான். அச்சுக்குப் போகும் முன் படத்தை யாராவது ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது என்று ஆரம்பித்தான். வீடியோவில் கூட முழங்கை பற்றி ஏதோ சொன்னானே என்று இழுத்தான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சார் படத்தை நான் திருத்தறதா? அவர் படத்தைப் பார்த்துட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். முழங்கை ஏன் அப்படி வந்துச்சு தெரியுமா? நீங்க பேச்சைக் கூட்டிக் கட்டத்தைக் கூட்டி அவருக்கு இடமே இல்லாம பண்ணிட்டீங்க. பாவம், கிடைச்ச சந்துல வரையறார்."

இப்போதே சொல்லிவிட்டால் அண்ணனிடமிருந்து பேனாவை நாளைக்கே பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் ஊரே பார்க்கும். பலூன்காரன் இரண்டையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தான். தட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வந்த பிறகுதான், தன் வாயில் எப்போதும் முதலில் வருவது அந்த மாதிரி வார்த்தைகள்தான் என்று தோன்றியது.

அந்த மாதம் முழுக்க அண்ணன் வீட்டில் பாட்டு கேட்டது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வரைந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. பலூன்காரனுக்கு வேலை இல்லை. அலுவலகத்தில் வேறொரு தொடரின் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தான்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அண்ணன் போன் செய்து வரச் சொன்னார். கடைசிச் சண்டைப் பக்கம் முடிந்துவிட்டதாம். ஒரே படம், பக்கம் முழுக்க. பஞ்சுமலை தெருவில் வந்து இறங்கி மலையாகக் கனத்து முஷ்டியைத் தரையில் ஊன்றுகிறான், தார்ச்சாலை பிளக்கிறது. அண்ணன் நாற்காலியை விட்டுக் கொடுத்து, அவனைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டார்.

"முழுசா பார்த்துச் சொல்லு. பூசி மெழுகாத."

பலூன்காரன் பார்த்தான். வலது கை ஒரு ராட்சசனுடையது. அது முளைத்த தோள் ஒரு நோஞ்சானுடையது. முகம் திருப்பி வைத்தாற்போல் இருந்தது, ஒரு கால் தெருவில் ஊன்றவே இல்லை. மறைக்க எதுவும் இல்லாமல், பக்கம் முழுக்க, பட்டப்பகல் வெளிச்சத்தில். முன்பெல்லாம் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்தால் எங்கே எந்த அளவில் பலூன் வைக்கலாம் என்று அவன் கை தன்னால் கணக்குப் போடும். இப்போதும் போட்டது. பிறகு நினைவு வந்து நின்றது.

"அண்ணா, கை பெருசா இருக்கு" என்றான்.

"எந்தக் கை?"

"வலது கை. முகத்தைவிட ரொம்பப் பெருசு. தோளோட சேரல."

அண்ணன் குனிந்து, அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, முஷ்டியைப் பெரிதாக்கினார். திரை முழுக்க முஷ்டி நின்றது. விரல் மூட்டுகளின் சுருக்கத்தில் தார்ப்பொடி ஒட்டியிருந்தது. ஒரு நகத்தில் கீறல் இருந்தது. அப்படி ஒரு முஷ்டியை வேறு யாராலும் போட முடியாது.

"இதுல என்ன தப்பு, காட்டு."

"இதுல இல்லண்ணா. சேர்த்துப் பார்த்தாத்தான்."

"சரி, சேர்த்தே பார்ப்போம்" என்று படத்தைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவருக்கு என்ன தெரிந்ததோ. "முன்னாடி வர்ற கை பெருசாத்தான்டா தெரியும். அப்பதான் அடி விழற மாதிரி இருக்கும். இது கூடத் தெரியாமத்தான் இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கியா?"

அவர் சொன்னது தப்பில்லை. வரைகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். இந்தப் படத்தில் அது அப்படி இல்லை என்பதை எப்படிக் காட்டுவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பெரிதாக்கினால் தப்பு மறைகிறது. சுருக்கினால் படமே அவருக்கு மறைகிறது. தப்பும் அண்ணன் பார்வையும் ஒரே நேரத்தில் இருக்கும்படியான அளவு ஒன்றைத் தேடி, சுருக்கியும் விரித்தும் பார்த்தான். அப்படி ஒரு அளவு இல்லை.

"வேற யார்கிட்டயாவது காட்டுவோம்ணா. அனுப்பறதுக்கு முன்னாடி" என்றான்.

அண்ணன் நிமிர்ந்தார். பிறகு கோபமில்லாமல், கிட்டத்தட்ட இரக்கத்தோடு சொன்னார். "இந்த மாசம் உனக்கு வேலை இல்ல. கஷ்டமா இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு சொல்லு. இத்தனை மாசமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன. அப்பல்லாம் கை சரியா இருந்துச்சு. பலூன் போனதும் கை பெருசாயிடுச்சா?"

ஆமாம் என்பதுதான் சரியான பதில். அந்த ஆமாமைச் சொன்னால் பின்னாலேயே ஓராண்டுப் பொய்யும் வரிசையில் வந்து நிற்கும். அண்ணன் பதிலுக்காகக் காத்திருந்தார். அவன் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தான்.

"போடா, போய் டீ குடி" என்று அண்ணன் அவன் தலையில் தட்டினார். விளையாட்டாகத்தான் தட்டினார். கை பாதி காதில் பட்டது.

அடுப்படியில் அண்ணி டம்ளரை நீட்டியபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏன் தம்பி இன்னிக்குப் போய்ச் சொன்னீங்க?"

அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது மட்டுமல்ல, எப்போதிருந்தோ தெரிந்துவைத்திருக்கிறாள் என்பதும் அப்போது விளங்கியது. அண்ணி, நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்றான். "எனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்? நீங்க நல்லா இருக்குன்னு சொல்றீங்களே, ஒருவேளை நல்லாத்தான் இருக்கோன்னு நெனச்சுக்குவேன்" என்றாள் அவள். டீ ஆறிப்போயிருந்தது.

பக்கங்கள் அலுவலகத்துக்குப் போயின. ஆசிரியை அன்று வெளியூரில் இருந்தாள், நேராக அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள். பலூன்காரன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அட்டையில் விலையும் பார்கோடும் அச்சிட்ட சின்ன வெள்ளைப் பெட்டியை வைக்க வேண்டும். அட்டையிலும் அதே முஷ்டி இருந்தது. பெட்டியை எடுத்து முஷ்டியின் மேல் வைத்தான். கொஞ்சம் பெரிதாக்கினான். இன்னும் கொஞ்சம். அரை மணியில் அச்சகத்திலிருந்து ஆள் பேசினான். பார்கோடு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறதே, தூக்கத்தில் வைத்தீர்களா, எப்போதும்போல மூலைக்குத் தள்ளுங்கள் என்றான். தள்ளினான்.

இதழ் வெளியான அன்று மாலை அண்ணன் அவனை மறுபடி வீட்டுக்கு அழைத்தார். வாசகர்கள் இணையத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொன்னார். அந்தச் சின்ன எழுத்தெல்லாம் அவருக்குத் தெரிவதில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார். அண்ணி சுவரோரமாக நின்றாள்.

பலூன்காரன் செல்போனைத் திறந்தான். முதலில் கண்ணில் பட்டது முஷ்டியை மட்டும் வெட்டி, அதற்கு ஒரு தொப்பி மாட்டி, இதுதான் இனி ஹீரோ என்று ஒருவன் போட்டிருந்த படம். அதன் கீழே சிரிப்பு. ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுக்குக் கால்சட்டை தைத்தது யார் என்று ஒருத்தி. இத்தனை நாளாக எதற்கு அவ்வளவு பலூன் என்று இப்போதுதான் புரிகிறது என்று ஒரு கெட்டிக்காரன். பழைய ஓவியர் எப்போது இறந்தார், யாருக்காவது தெரியுமா என்று ஒருவர், உண்மையான வருத்தத்தோடு.

"என்னடா, படி" என்றார் அண்ணன்.

ஒன்றே ஒன்று கிடைத்தது. "கதை இப்பதான் வேகமா போகுது, மூச்சு விடாம புரட்டினேன்" என்று படித்தான். அது அங்கே நிஜமாகவே இருந்தது.

அண்ணன் தொடையைத் தட்டினார். படத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

பலூன்காரன் திரையைப் பார்த்தபடியே, "அந்தக் கடைசிப் பக்கத்தை வெட்டி சுவத்துல ஒட்டியிருக்கேன்" என்றான். ஒரு பள்ளி வாத்தியார் எழுதியிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டான். அண்ணன் தலையாட்டினார். விரலை மேலே தள்ளித் தள்ளி, திரையில் இல்லாத வரிகளை ஒவ்வொன்றாக அவன் படித்தான். தார்ச்சாலை வெடித்த சத்தம் காதில் விழுந்தது என்று ஒருவர். நகத்தில் இருந்த கீறலைக் கவனித்த ஒருவர். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதைக்காரர் இருந்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். அவ்வளவு சரளமாக வந்தது.

"வேகமா போகாத. நிறுத்திப் படி" என்றார் அண்ணன். "இன்னும் ரெண்டு படி."

அவன் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. ஆசிரியை. சத்தத்தை அமுக்கிவிட்டு, அடுத்ததைப் படித்தான். மறுபடி அதிர்ந்தது, மறுபடி அமுக்கினான். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு மேசைமேல் இருந்த அண்ணனின் போன் அடித்தது.

"யாருன்னு பாரு."

பெயர் பெரிதாகத்தான் தெரிந்தது. பலூன்காரன் பார்த்தான். ராங் நம்பர் என்று சொல்லலாம். அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம். வாயைத் திறந்தான். முதல் முறையாக அதில் எதுவும் வரவில்லை.

அவன் பேசாததைப் பார்த்து அண்ணனே மேசையைத் தடவி போனை எடுத்தார். "ஆபீஸ்தான், வேற யாரு கூப்பிடப் போறா" என்றார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்றார், சட்டையின் கீழ்ப்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். போனைக் காதில் வைக்கும் முன்பே முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"சொல்லுங்க மேடம்" என்றார்.

மறுமுனையில் பேசத் தொடங்கினார்கள். அண்ணன் சிரிப்பை இன்னும் எடுக்கவில்லை.